ராஜினாமா: கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

"பேப்பர் போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ராஜினாமா அன்றைக்குத்தான் தொடங்குகிறது. கடிதம் கொடுத்த நாளுக்கும் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்கும் கடைசி நாளுக்கும் நடுவே ஓடும் காலத்துக்கு நோட்டீஸ் பீரியட் என்று பெயர். சம்பளம், மிச்சமிருக்கும் விடுப்பு, போனஸ், மருத்துவக் காப்பீடு, புதிய இடத்தில் சேரும் நாள், பழைய இடம் தரும் சான்றிதழ் என எல்லாம் அந்தக் கடைசி நாளைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. லாஸ்ட் வொர்க்கிங் டே என்று மனிதவளத் துறை, அதாவது எச்.ஆர்., சொல்வது இதைத்தான். முதல்முறை வேலையை விடுகிறவர்கள் கடிதத்தில் என்ன எழுதுவது என்று பல நாள் தவிக்கிறார்கள். கடிதம் நான்கு வரியில் முடிகிற காரியம். தேதியைத் தப்பாகக் குறித்தால்தான் பணமும் மாதங்களும் போகின்றன.

ஆகவே யாரிடமும் வாய் திறப்பதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து முழுதாகப் படியுங்கள். அதோடு நிறுத்தக் கூடாது. பதவி உயர்வுக் கடிதங்களையும் சம்பளத் திருத்தக் கடிதங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சேரும்போது 30 நாளாக இருந்த நோட்டீஸ், பதவி உயர்வு வந்தபோது 60 அல்லது 90 நாளாக மாறியிருக்கலாம். சம்பளம் எவ்வளவு கூடியது என்று பார்த்த சந்தோஷத்தில் அந்த வரியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்போம். புரொபேஷன் எனப்படும் தகுதிகாண் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் புரொபேஷனில் நோட்டீஸ் குறைவாக இருப்பது வழக்கம்.

தேதியை எப்படி எண்ணுவது?

ஒப்பந்தத்தில் "60 நாள்" என்றும் "2 மாதம்" என்றும் எழுதியிருப்பது ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் இரண்டும் வேறு. ஜூலை 1 அன்று கடிதம் கொடுக்கிறீர்கள், மறுநாள்தான் முதல் நாள் என்று வைத்துக்கொண்டால், 60ஆவது நாள் ஆகஸ்ட் 30. இரண்டு மாதம் என்றால் கணக்கு ஆகஸ்ட் 31 அல்லது செப்டம்பர் 1 வரை போகும். கடிதம் கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணும் நிறுவனங்களும் உண்டு. ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு நாளில்தான் புதிய இடத்தில் சேர வேண்டியிருக்கலாம்.

வேலை நாள்களாக எண்ணுவது அதைவிடப் பெரிய வித்தியாசம். வாரம் ஐந்து நாள் இயங்கும் அலுவலகத்தில் 30 வேலை நாள் என்பது ஆறு வாரம். நடுவில் அரசு விடுமுறை வந்தால் இன்னும் நீளும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் அடிபடுவது மாதக் கடைசிக் கணக்கில். "கடிதம் கொடுத்த மாதத்துக்கு அடுத்த முழு மாதத்தின் முடிவு வரை" என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். மார்ச் 31 அன்று கடிதம் கொடுத்தால் ஏப்ரல் 30இல் விடுதலை. ஏப்ரல் 1 அன்று கொடுத்தால் மே 31. ஒரு ராத்திரி தள்ளிப்போட்டதற்கு ஒரு மாதம் போய்விடும்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் ஒரு மாதம் வேலை பார்த்த ஊழியர், ஒப்பந்தத்தில் வேறு எதுவும் சொல்லாவிட்டாலும், குறைந்தது ஒரு வாரம் நோட்டீஸ் தர வேண்டும். ஜெர்மனியில் அடிப்படை விதி நான்கு வாரம். அதுவும் மாதத்தின் 15ஆம் தேதியிலோ மாதக் கடைசியிலோ முடிய வேண்டும். அங்கே ராஜினாமாவைக் காகிதத்தில் கையெழுத்திட்டுத்தான் கொடுக்க வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. சிங்கப்பூரில் ஒப்பந்தத்தில் கால அளவு எதுவும் எழுதப்படாமல் இருந்தால், வேலை பார்த்த காலத்தைப் பொறுத்து ஒரு நாளிலிருந்து நான்கு வாரம் வரை என்று சட்டமே வைத்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் 30 முதல் 90 நாள் என்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான வேலைகளுக்குச் சட்டப்படி நோட்டீஸே தேவையில்லை. இரண்டு வாரம் என்பது அங்கே மரியாதைக்காகக் கடைப்பிடிக்கும் வழக்கம். நண்பர் வேறு நாட்டில் எப்படி விட்டார் என்பதை உங்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகத்தான் இத்தனையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த நாளைக் கடைசி நாளாக்குவது?

உங்களுக்கு வேண்டிய கடைசி நாளைக் காலண்டரில் முதலில் குறியுங்கள். அங்கிருந்து நோட்டீஸ் நாள்களைப் பின்னோக்கி எண்ணினால் கடிதம் கொடுக்க வேண்டிய நாள் தானாக வந்து நிற்கும். அந்த நாளைச் சுற்றி என்னென்ன விழுகிறது என்று இப்போது பாருங்கள்.

போனஸ் என்றால், பணம் கொடுக்கும் நாளில் ஊழியராக இருந்தால் மட்டும் போதுமா, நோட்டீஸில் இருப்பவருக்கும் உண்டா என்று கொள்கை ஆவணத்தில் தேடுங்கள். "நோட்டீஸில் இருப்பவருக்குக் கிடையாது" என்ற வரி இருந்தால், போனஸ் வங்கிக் கணக்கில் விழுந்தபிறகு கடிதம் கொடுப்பது முழுக்க நியாயமான காரியம். ஒரு வருட உழைப்புக்கான பணம் அது. சேரும்போது தந்த ஜாயினிங் போனஸ், இடமாற்றச் செலவு, பயிற்சிக்கான பாண்டு (ஒப்பந்தப் பத்திரம்) ஆகியவற்றில் இத்தனை மாதத்துக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். அந்தக் காலக்கெடு முடிய இரண்டு வாரம்தான் பாக்கி என்றால் காத்திருப்பது லாபம். நிறுவனப் பங்குகள் ஒதுக்கப்பட்டிருந்தால் அடுத்த தொகுதி எந்த நாளில் உங்கள் பெயருக்கு வருகிறது என்றும், ஸ்டாக் ஆப்ஷனாக, அதாவது குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையாக, இருந்தால் விலகியபின் எத்தனை நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் பாருங்கள். பல திட்டங்களில் அந்த அவகாசம் 90 நாள்தான். அது தாண்டினால் கைக்கு வந்த உரிமையும் காலாவதியாகிவிடும்.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு நின்றுபோகலாம். வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தாலோ பிரசவத் தேதி நெருங்கினாலோ, புதிய காப்பீடு தொடங்கும் நாள் தெரியாமல் கடைசி நாளைக் குறிக்காதீர்கள். வேலை விசாவில் வெளிநாட்டில் இருப்பவர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை முடிந்தபின் கிடைக்கும் அவகாசம் அதிகபட்சம் 60 நாள். தங்கும் அனுமதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான்.

விலகும் முன் இன்னொரு வேலை கையில் இருந்தால், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதில் கறாராக இருங்கள். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்ற தொலைபேசி அழைப்பை நம்பிப் பேப்பர் போடக் கூடாது. சம்பளம், பதவி, சேரும் நாள் மூன்றும் எழுதிய ஆஃபர் லெட்டரில் இரு தரப்புக் கையெழுத்தும் இருக்க வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, விசா என்று நிபந்தனைகள் இருந்தால் எவை கடிதத்துக்கு முன் முடியும், எவை பின்னால் வரும் என்று புதிய எச்.ஆரிடமே கேளுங்கள். சேரும் நாளைப் பழைய வேலையின் கடைசி நாளுக்கு மூன்று நான்கு நாள் தள்ளியே வையுங்கள். இரண்டு வேலையின் தேதிகளும் ஒரு நாள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், பின்னாளில் சரிபார்ப்பு செய்கிறவர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததாகக் குறித்து விளக்கம் கேட்பார்.

சொல்வதற்கு முந்தைய வாரம்

சில நிறுவனங்களில், கடிதம் கொடுத்த அன்றே கணினி அனுமதியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போட்டி நிறுவனத்துக்குப் போகிறவருக்கும், பணமோ வாடிக்கையாளர் தகவலோ கையாளுகிறவருக்கும் இது அதிகம் நடக்கும். உங்கள்மேல் சந்தேகம் என்று அர்த்தமில்லை, அது அவர்கள் நடைமுறை. அதனால் சொந்த வேலைகளை முன்னதாக முடித்துவிடுங்கள். சம்பளச் சீட்டுகள், வரிப் படிவங்கள், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவை உங்களுக்கு என்று கொடுக்கப்பட்டவை. இறக்கி வைத்துக்கொள்ளலாம். வங்கி, காப்பீடு, வருங்கால வைப்புக் கணக்குகளில் அலுவலக மின்னஞ்சலையோ அலுவலக சிம் எண்ணையோ கொடுத்திருந்தால் மாற்றுங்கள். இதை மறந்தால், ஓ.டி.பி. எல்லாம் நீங்கள் திறக்க முடியாத ஓர் இன்பாக்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எல்லை இங்கேதான் இருக்கிறது. நீங்களே உருவாக்கிய கோப்பாக இருந்தாலும், வேலைக்காக உருவாக்கியது என்றால் அது நிறுவனத்தின் சொத்து. நிரல், வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல், நிறுவனத் தகவல் உள்ள விளக்கப் படங்கள் எதையும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள், பென்டிரைவில் ஏற்றாதீர்கள். விலகுகிறவரின் பதிவிறக்கங்களைக் கடைசி சில வாரங்களுக்குத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நல்ல பெயரோடு கிளம்ப வேண்டியவர், ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்ட ஒரு கோப்பால் வழக்கில் மாட்டிக்கொள்வது மிகவும் வேதனையான விஷயம்.

மேலாளரிடம் சொல்வது

இந்தச் செய்தியை முதலில் கேட்க வேண்டியவர் உங்கள் நேரடி மேலாளர். பக்கத்து இருக்கை நண்பருக்கு முதலில் சொன்னால், மாலைக்குள் மேலாளருக்கு வேறு வாய் வழியாகப் போய்ச் சேரும். பிறகு எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் அந்த முதல் கசப்பு போகாது. தனியாகப் பேச 15 நிமிடம் கேளுங்கள். தொலைவிலிருந்து வேலை பார்த்தால் வீடியோ அழைப்பில் பேசுங்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: "நான் ராஜினாமா செய்ய முடிவு எடுத்துவிட்டேன். ஒப்பந்தப்படி என் கடைசி நாள் இது. கடிதம் இன்றைக்கே அனுப்புகிறேன். வேலையை ஒப்படைக்க ஒரு திட்டம் வைத்திருக்கிறேன்." சுற்றி வளைத்தால், அவர் அதைச் சம்பள உயர்வுப் பேச்சின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்வார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. "சேர்ந்தபிறகு சொல்கிறேன்" என்பது போதுமான பதில். ஆனால் போட்டி நிறுவனத்தில் சேரத் தடைவிதிக்கும் பிரிவோ, தெரிவிக்கச் சொல்லும் பிரிவோ ஒப்பந்தத்தில் இருந்தால், இந்தப் பேச்சுக்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அத்தகைய தடைகள் கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் செல்லாது. வேறு பல இடங்களில் வரம்புக்கு உட்பட்டுச் செல்லும்.

சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், இருங்கள் என்று கவுன்ட்டர் ஆஃபர் வரலாம். பேச உட்காருவதற்கு முந்தைய இரவே இதற்குப் பதிலை முடிவு செய்துவிடுங்கள். போகக் காரணம் சம்பளம் மட்டும்தான் என்றால், அதைக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே நேராகக் கேட்டிருக்கலாம். காரணம் வேலையின் தன்மை, மேலாளர், வளர்ச்சி என்றால், கூடிய சம்பளம் அவற்றில் எதையும் மாற்றாது. இருக்கவே முடிவு செய்தால் புதிய சம்பளம் எழுத்தில் வந்தபிறகே ராஜினாமாவைத் திரும்பப் பெறுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியது

பதவியும் துறையும், விலகுகிறேன் என்ற தெளிவான வாக்கியம், கடிதத்தின் தேதி, கடைசி நாளின் தேதி, வேலையை ஒப்படைக்க உதவுவேன் என்ற உறுதி, ஒரு நன்றி. இவ்வளவுதான்.

"நான் இந்நிறுவனத்தில் வகிக்கும் மூத்த ஆய்வாளர் பதவியிலிருந்து விலகுகிறேன். என் பணி ஒப்பந்தத்திலுள்ள 60 நாள் நோட்டீஸின்படி எனது கடைசிப் பணி நாள் ஆகஸ்ட் 30. அதற்குள் என் பொறுப்புகளை முழுமையாக ஒப்படைக்கிறேன். இங்கு கிடைத்த வாய்ப்புகளுக்கு நன்றி."

காரணம் எழுத வேண்டியதில்லை. புகார் எழுதவே கூடாது. இந்தக் காகிதம் உங்கள் கோப்பில் பல வருடம் கிடக்கும், உங்களை நேரில் பார்த்தே இராதவர்கள் படிப்பார்கள். "விலக நினைக்கிறேன்", "விரைவில் விடுவிக்கவும்" போன்ற தொளதொள வாக்கியங்களும் வேண்டாம். விலகல் எந்த நாளில் தொடங்கியது என்ற விவாதத்துக்கு அவை இடம் கொடுக்கும்.

மேலாளருக்கும் எச்.ஆருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். நிறுவனத்தில் ராஜினாமாவுக்கென்று போர்ட்டல் இருந்தால் அதே நாளில் அங்கேயும் பதியுங்கள். மின்னஞ்சல் 1ஆம் தேதி போயிருக்கும், ஊழியர் போர்ட்டலில் 9ஆம் தேதி பதிந்திருப்பார், எச்.ஆர். 9இலிருந்து எண்ணும். அடிக்கடி நடக்கும் தகராறு இது. கடிதம் வந்து சேர்ந்தது என்றும், கடைசி நாள் இது என்றும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டு வேலை நாளில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள்.

ஒப்படைப்பு

நோட்டீஸ் பீரியட் இருப்பதே இதற்காகத்தான். அலுவலகத்தில் இதை கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்பார்கள். உங்களைப் பற்றிப் பழைய சகாக்கள் பின்னாளில் என்ன சொல்வார்கள் என்பதை, அங்கே பார்த்த வருடங்களைவிட இந்தச் சில வாரங்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன.

முதல் வாரத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். தினமும், வாரந்தோறும், மாதந்தோறும், வருடத்துக்கு ஒருமுறை நீங்கள் செய்கிறவை எல்லாம் அதில் வர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை வருவதுதான் எப்போதும் விட்டுப்போகும்: உரிமம் புதுப்பித்தல், தணிக்கைக்கான கோப்பு, ஒரு டொமைன் பெயரின் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் நேராக, அது எங்கே இருக்கிறது, யாரிடம் பேச வேண்டும், அடுத்த கெடு எப்போது, வழக்கமாக எது கெட்டுப்போகும், கெட்டால் என்ன செய்வது என்று எழுதுங்கள். அந்தக் கடைசி இரண்டும் எந்தக் கையேட்டிலும் இருக்காது. உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்து, உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருப்பவை. உங்கள் லாகின் மூலம் தானாக ஓடும் அறிக்கைகள், உங்கள் கணக்கில் உருவாக்கிய ஏ.பி.ஐ. கீகள் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் ரகசியக் குறியீடுகள்), உங்கள் டிரைவில் கிடக்கும் பகிர்ந்த கோப்புகள், நீங்கள் அமைப்பாளராக இருக்கும் வாராந்தரக் கூட்டங்கள், ஒப்புதல் கொடுக்கும் இடங்களில் உங்கள் பெயர். கடைசி நாள் மாலை கணக்கு மூடப்பட்டதும் இவை சத்தமில்லாமல் நிற்கும். திங்கள் காலை அறிக்கை வராதபோதுதான் யாருக்கும் தெரியவரும், அப்போது காரணம் தேடவே அரை நாள் போகும். ஆகவே உரிமையாளர் பெயரை மாற்றிவிட்டு, நீங்கள் இருக்கும்போதே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சொல்லிக்கொடுப்பதில் பாதிக் காலத்துக்குமேல் செலவிடாதீர்கள். மீதிக் காலத்தில் வாரிசாக வருகிறவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். கேட்கும்போது எல்லாம் புரிந்ததாகத் தலையாட்டுகிறவர், தானே செய்யும்போதுதான் தடுக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார். 60 நாளில் முதல் வாரம் பட்டியல், அடுத்த மூன்று வாரம் விளக்கம், பிறகு மூன்று வாரம் அவர் கையில், கடைசி வாரத்தில் புதிதாக எதுவும் தொடங்காமல் விட்டவற்றை மட்டும் முடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். வாரிசு யார் என்று நிறுவனம் சொல்லவே இல்லை என்றால், ஆவணத்தை எழுதி, விளக்கங்களைத் திரையோடு பதிவு செய்து, மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் பக்கம் முடிந்ததற்கு அதுவே சாட்சி.

முன்னதாகக் கிளம்ப வேண்டுமானால்

எழுத்தில் கேளுங்கள். நிறுவனம் சும்மாவே ஒப்புக்கொள்ளலாம், அல்லது பை-அவுட் கேட்கலாம். அதாவது பார்க்காத நாள்களுக்கான சம்பளத்தை நீங்கள் கட்டுவது. 60 நாளில் 40 நாள் பார்த்தால் பாக்கி 20. மாதத்தை 30 நாளாக வைத்தால் அது மாதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுத்து, அது மொத்தத்தில் பாதி என்றால், மூன்றில் ஒரு பங்குதான். எந்தச் சம்பளத்தின்மேல் கணக்கு என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள். புதிய நிறுவனம் அந்தப் பணத்தைத் தருவதாகச் சொன்னால், ஆஃபர் லெட்டரில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். ரசீது காட்டினால்தான் தருவார்களா, குறிப்பிட்ட காலத்துக்குள் விட்டால் திருப்பிக் கேட்பார்களா என்பதும் சேர்த்துத்தான். விடுப்பை நோட்டீஸில் கழிக்க முடியுமா என்பது முழுக்க ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில இடங்களில் விடுப்பு எடுத்த நாள்கள் கடைசி நாளைத் தள்ளிவிடும்.

நிறுவனமே "இனி வர வேண்டாம், சம்பளம் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அது கார்டன் லீவ். வீட்டில் இருந்தாலும் நீங்கள் இன்னும் அவர்கள் ஊழியர்தான், அந்தக் காலம் முடியும்வரை புதிய வேலையில் சேர முடியாது.

சொல்லாமல் நின்றுவிடுவதைத் தவிருங்கள். ஊழியர் தலைமறைவு என்று கோப்பில் ஏறும், சான்றிதழும் பாக்கிப் பணமும் சிக்கிக்கொள்ளும். உடல்நிலை கெட்டுவிட்டது, அலுவலகத்தில் துன்புறுத்தல், போவதே ஆபத்து என்ற நிலை இருந்தால் அங்கேயே வதைபட வேண்டியதில்லை. காரணத்தையும் ஆதாரத்தையும் எழுத்தில் வைத்து, வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு வெளியே வாருங்கள்.

கடைசி வாரம்

எக்ஸிட் இன்டர்வியூவில் சொல்வது பதிவாகும். எந்த நடைமுறை வேலையைக் கெடுத்தது, எதை மாற்றினால் அடுத்தவருக்கு நல்லது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஆள் பெயர் சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டாம். துன்புறுத்தல், மோசடி போன்றவை இருந்தால் அதற்கென்று இருக்கும் புகார் வழியில் தனியாகக் கொடுங்கள், இந்த அறையில் பேசினால் அவை குறிப்பாகவே நின்றுவிடலாம்.

மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது நீங்களாக முழுதும் அழிக்காதீர்கள். நிறுவனத் தரவை அழித்ததாக ஆகும். சொந்தப் புகைப்படங்களையும் பிரவுசரில் சேமித்த சொந்தக் கடவுச்சொற்களையும் மட்டும் நீக்குங்கள். அலுவலகக் கைபேசியில் உங்கள் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கு இருந்தால் வெளியேறிவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் அதைத் திறக்கவே முடியாது. கொடுத்த ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண்ணோடு ரசீது வாங்குங்கள். கூரியரில் அனுப்பினால் பெட்டியை மூடும் முன் படம் எடுத்து வையுங்கள்.

இறுதிக் கணக்கில், வேலை பார்த்த நாள்களின் சம்பளம், மிச்ச விடுப்புக்கான பணம், நிலுவைச் செலவுத் தொகை, தகுதி இருந்தால் பணிக்கொடை ஆகியவை சேரும். நோட்டீஸ் குறைவு, கடன், திருப்ப வேண்டிய போனஸ் ஆகியவை கழியும். செலவு பில்களைக் கடைசி நாளுக்கு முன்பே போடுங்கள், போர்ட்டல் மூடினால் வழியில்லை. அமீரகத்தில் பாக்கி 14 நாளுக்குள் தரப்பட வேண்டும். கலிஃபோர்னியாவில் 72 மணி நேரம் முன்னதாகச் சொல்லியிருந்தால் கடைசி நாளிலேயே தர வேண்டும். உங்கள் ஊரில் கெடு என்ன என்று பார்த்து, அது தாண்டிய மறுநாளே எழுதிக் கேளுங்கள்.

வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, பதவி கடைசியாக வகித்ததுதானா, சேர்ந்த நாளும் விலகிய நாளும் சரியா? தவறு இருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். உங்களைத் தெரிந்த எச்.ஆர். ஊழியர் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அது ஐந்து நிமிட வேலை.